பினாங்குக்கு எப்போது வரலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் குடியிருப்பவர்களுக்குச் சம்பளமில்லாத ஒரு வேலை உண்டு. வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்குப் பயண நாள் குறித்துக் கொடுப்பதுதான் அது. கேட்பவர் கிள்ளானில் இருப்பார், சென்னையில் இருப்பார், சிலர் லண்டனிலிருந்தும் கேட்பார்கள். கேள்விகள் மட்டும் பெரும்பாலும் ஒன்றேதான்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எந்த மாதம் நல்லது?

டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை. அதிலும் ஜனவரியும் பிப்ரவரியும்தான் இங்கே வறண்ட மாதங்கள். சராசரியாக மாதத்துக்கு 100 மில்லிமீட்டருக்குள்தான் மழை இருக்கும். செப்டம்பர், அக்டோபரில் அது 300ஐத் தாண்டிவிடும்.

அந்த மாதங்களில் வர முடியாதவர்களுக்கு ஜூன், ஜூலை. ஏப்ரலும், செப்டம்பர் முதல் நவம்பர் நடு வரையும் ஈரமான காலம். இவ்வளவுதான் சுருக்கம். ஆனால் மழையை மட்டும் பார்த்து நாள் குறித்தால் வேறு இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். வறண்ட மாதங்களில்தான் தைப்பூசம், சீனப் பெருநாள் (சீனப் புத்தாண்டு) எல்லாம் வரிசையாக வருகின்றன. அதனால் மீதியையும் படித்துவிடுங்கள்.

வடகிழக்குப் பருவமழை நவம்பர் முதல் மார்ச் வரை என்கிறார்கள். பிறகு எப்படி ஜனவரி வறண்ட மாதம் ஆகும்?

குழப்பமே இங்கேதான். பருவக்காற்றுக் காலம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான், மழை அப்படியில்லை. தென்சீனக் கடலில் ஈரத்தைச் சுமந்துகொண்டு வரும் வடகிழக்குக் காற்று கிழக்கே கிளந்தான், திரெங்கானு, பகாங் கரைகளில் மோதிக் கொட்டித் தீர்க்கிறது. தீபகற்பத்தின் முதுகெலும்பாக நிற்கும் தித்திவங்சா மலைத்தொடரைத் தாண்டி மேற்கே பினாங்குப் பக்கம் வரும்போது அதில் பெரிதாக ஒன்றும் மிஞ்சுவதில்லை. கிளந்தானின் கோத்தா பாருவில் வெள்ளத்தில் படகு ஓட்டும் அதே வாரத்தில், பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனில் புல் காய்ந்திருப்பது இதனால்தான்.

மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. அதற்குக் குறுக்கே சுமாத்திராவின் மலைகள் நிற்கின்றன. அதனால் ஜூன், ஜூலையிலும் எங்களுக்கு முழு வேகத்தில் மழை வருவதில்லை.

சரி, அப்படியானால் மழை எப்போது? இரண்டு காற்றுகளும் ஓய்ந்து இடம் மாறும் இடைவெளியில். ஏப்ரலில் ஒரு முறை, அக்டோபரை ஒட்டி ஒரு முறை. காற்று அசையாமல் நிற்கும், பகல் முழுக்க வெயில் காயும், கடலிலிருந்து ஈரம் ஏறும், பிற்பகலில் மேகம் திரண்டு இடியோடு கொட்டும். இரண்டில் அக்டோபர்தான் பெரிது. ஐப்பசியில் அடைமழை என்ற பழமொழி தமிழ்நாட்டுக்காரர்களுடையது என்றாலும், பினாங்குக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது.

டிசம்பரில் மலேசியத் தீவுகளையெல்லாம் மூடிவிடுவார்களாமே?

மூடுவது கிழக்குக் கரைத் தீவுகளில். பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் பக்கம் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை கடல் கொந்தளிப்பதால் பெரும்பாலான தங்குவிடுதிகளும் படகுகளும் நின்றுவிடும். பினாங்கும் லங்காவியும் மேற்குக் கரையில் இருக்கின்றன. அந்த மாதங்களில் இவை இரண்டுக்கும் நல்ல காலம். கோலாலம்பூர்க்காரர்களே இதைச் சில நேரம் மறந்துவிட்டு, டிசம்பர் பள்ளி விடுமுறையில் எந்தத் தீவுக்கும் போக முடியாது என்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்று. பினாங்கு ரெடாங் மாதிரியான தீவு இல்லை. லட்சக்கணக்கான மக்கள் வாழும் நகரம், தொழிற்சாலைகள், இரண்டு பாலங்கள், விமான நிலையம் எல்லாம் இருக்கிற ஊர். ஆண்டு முழுக்கத் திறந்தேதான் இருக்கும்.

மழை நாள் என்றால் நாள் முழுக்கப் பெய்யுமா?

பெரும்பாலும் இல்லை. வழக்கமான மழை பிற்பகல் மூன்று மணிக்குமேல் கறுத்து, ஒன்றிரண்டு மணி நேரம் வெளுத்து வாங்கிவிட்டு நின்றுவிடும். இரவில் மறுபடி கடைகளில் ஆட்கள் உட்கார்ந்துவிடுவார்கள். ஆண்டு மொத்தம் ஏறத்தாழ 2400 மில்லிமீட்டர். சென்னையில் 1400. எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இங்கே அது பன்னிரண்டு மாதத்துக்கும் பிரித்துக் கொட்டப்படுகிறது.

இதற்கு விலக்காக ஒரு மழை உண்டு. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சில நாள்களில் சுமாத்திராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து ஒரு மேகச்சுவர் விடியற்காலையில் வந்து மோதும். பலத்த காற்று, இடி, ஜன்னல் கதவுகள் அடிக்கும் சத்தம். காலை ஒன்பது, பத்து மணிக்குள் ஓய்ந்துவிடும். ஏழு மணிக்குக் கொடிமலை (பினாங்கு ஹில்) ஏறத் திட்டமிட்டவர்களுக்குத்தான் கஷ்டம்.

உங்கள் நாளை இதற்கேற்ப வளைத்துக்கொள்ளலாம். இங்கே சூரியன் ஏழு மணிக்குப் பிறகுதான் உதிக்கும், மாலை ஏழேகால், ஏழரை வரை வெளிச்சம் இருக்கும். காலை ஏழரையிலிருந்து பதினொன்று வரை ஜார்ஜ்டவுன் தெருக்களில் நடங்கள். மதியம் சாப்பாடு, அருங்காட்சியகம், அல்லது நல்ல தூக்கம். மாலை ஆறுக்குமேல் மறுபடி வெளியே. மழை வந்தாலும் பழைய கடைவீடுகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையில் ஒதுங்கி ஒதுங்கிப் பாதி ஊரைக் கடந்துவிடலாம். நடுநடுவே மோட்டார் சைக்கிளை நிறுத்தி வைத்திருப்பார்கள், அப்போது நனையத்தான் வேண்டும்.

தீபாவளியைப் பினாங்கில் கொண்டாட ஆசை. மழையில் வீணாகிவிடுமா?

தீபாவளி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் வருவதால் மழையிலிருந்து தப்ப வழியில்லை. ஆனால் வீணாகாது. தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் லெபோ பாசார், லெபோ குவீன், லெபோ பினாங்கு சுற்றியுள்ள குட்டி இந்தியாவில் முறுக்கும் துணியும் பாட்டுமாக இருக்கும். மழை கொட்டும்போது ஜனங்கள் கடைக்குள் நுழைவார்கள், வியாபாரம் இன்னும் சூடாகும். மாலை நான்கு மணிக்குப் பொருள் வாங்கக் கிளம்பாமல் காலையிலேயே போய்விடுங்கள். தீபாவளி அன்று மட்டும் பல தமிழ்க் கடைகள் மூடியிருக்கும். விருந்துக்கு அழைக்க ஒரு வீடு இருந்தால்தான் அன்றைக்கு ருசி.

2017இல் பெரிய வெள்ளம் வந்ததே. அப்படி மறுபடி வந்தால்?

அந்த ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி இரவு தொடங்கிய மழையும் காற்றும் பினாங்கு கண்ட மிக மோசமானவற்றில் ஒன்று. உயிரிழப்பும் நேர்ந்தது, ஆயிரக்கணக்கானோர் தற்காலிக முகாம்களுக்குப் போனார்கள், ராணுவத்தை உதவிக்கு அழைத்தார்கள். ஆண்டுதோறும் நடப்பதல்ல அது.

சாதாரணமாக இங்கே வருவது திடீர் வெள்ளம். பலத்த மழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் வடிகாலில் தண்ணீர் இறங்காது, தாழ்வான இடங்களில் முழங்கால் வரை நிற்கும். ஜார்ஜ்டவுனில் ஜாலான் பி. ரம்லி இதற்குப் பெயர்போனது. சில மணி நேரத்தில் வடிந்துவிடும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை வருபவர்கள் தங்குமிடம் பதிவு செய்யும்போது அந்தத் தெருவில் தண்ணீர் நிற்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாடகைக்குக் கார் எடுப்பவர்கள் தரைத்தளத்துக்குக் கீழுள்ள வண்டி நிறுத்தத்தைத் தவிர்த்தால் போதும். மலைச்சரிவுச் சாலைகளில், குறிப்பாக தெலோக் பாஹாங்கிலிருந்து பாலிக் பூலாவ் போகும் பாதையில், விடாமழைக்குப் பிறகு மண் சரிவதுண்டு.

தைப்பூசத்துக்கு வரலாமா, அல்லது அந்தக் கூட்டத்தைத் தவிர்க்கவா?

ஒரு முறையாவது தைப்பூசத்துக்கே வாருங்கள் என்பது என் கட்சி. பத்துமலையைப் பார்த்துப் பழகியவர்களுக்குப் பினாங்குத் தைப்பூசம் வேறு மாதிரி இருக்கும், ஏனென்றால் இங்கே திருவிழா ஊருக்குள்ளேயே நடக்கிறது. பூசத்துக்கு முதல் நாள் ரதங்கள் நகரத்திலிருந்து கிளம்புகின்றன. நகரத்தாரின் வெள்ளி ரதம் நூறாண்டைத் தாண்டியது, லெபோ பினாங்கிலுள்ள கோவில் வீட்டிலிருந்து புறப்படும். தங்க ரதம் 2017இல் சேர்ந்துகொண்டது. இரண்டும் முருகன் கோயில்கள் இருக்கும் தண்ணீர்மலைப் பக்கம் போய்ச் சேர இரவாகிவிடும். வழி நெடுகத் தேங்காய் உடைப்பார்கள், உடைப்பவர்களில் சீனர்கள் எவ்வளவு பேர் என்று பார்த்தால் வெளியூர்க்காரர்கள் அசந்துவிடுவார்கள். பூசத்தன்று காவடிகள். வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள். ஒவ்வொன்றிலும் மோரோ பானகமோ வாங்கிக் குடித்தால் வயிறு தாங்காது.

வானிலைக்கும் இதற்கும் பொருத்தம் அருமை. ஜனவரி கடைசி, பிப்ரவரி தொடக்கம் என்றால் மழை குறைவு, வெயில்தான் கடுமை. தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள். பகல் பதினொரு மணிக்கு ஏறத் தொடங்காதீர்கள், விடியலுக்கு முன்போ இரவிலோ ஏறுங்கள். அந்த நாள்களில் பல சாலைகளை அடைத்துவிடுவார்கள், கிராப் வாடகை வண்டி கோயில் அருகே வராது. தங்குமிடத்தைப் பல மாதங்களுக்கு முன்பே பிடித்துவிடவேண்டும், நடந்து போகிற தூரத்தில் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

தைப்பூசம் தவறிவிட்டால், தெலோக் பாஹாங் சிங்கமுகக் காளியம்மன் கோயிலின் மாசிமகம் இருக்கிறது. கடற்கரையில் தெப்பம் விடுவார்கள். பிப்ரவரி, மார்ச்சில் வரும். கூட்டம் தைப்பூசத்தில் ஒரு துளி.

சீனப் பெருநாள், நோன்பு மாதம் பற்றி ஏதாவது கவனிக்கணுமா?

சாப்பாட்டுக்காகப் பினாங்குக்கு வருபவர்கள் கட்டாயம் கவனிக்கவேண்டும். சீனப் பெருநாளின் முதல் சில நாள்களில் சார் குவே தியாவ், அசாம் லக்சா விற்கும் கடைக்காரர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நீங்கள் பட்டியல் போட்டு வைத்திருந்த கடைகளில் பாதி மூடியிருக்கும். ஆனால் ஆயிர் ஈத்தாமில் கெக் லோக் சி கோயில் ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு விளக்கொளியில் ஜொலிக்கும். எட்டாம் நாள் இரவு, ஒன்பதாம் நாள் பிறக்கும் நள்ளிரவை ஒட்டி, ஹொக்கியன் மக்கள் வானத்து ராஜாவுக்குப் படையல் போடுவார்கள். கடல்மேல் கட்டிய சீனக் குடியிருப்பான சியூ ஜெட்டியில் அதைப் பார்க்கக் கண் போதாது. எனவே முதல் நாளில் வராமல் ஐந்தாம், ஆறாம் நாளில் வந்து சேருங்கள்.

நோன்பு மாதம் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்ந்துகொண்டே வருகிறது. 2026இலும் 2027இலும் பிப்ரவரியிலேயே தொடங்குகிறது, அதாவது நல்ல வானிலையின் நடுவில். பகலில் தமிழ் முஸ்லிம்களின் நாசி கண்டார் சோற்றுக் கடைகள் பல மூடியிருக்கும் அல்லது மாலையில்தான் திறக்கும். அதற்கு ஈடாக மாலை நான்கு மணிக்குமேல் ரமலான் சந்தைகள் உண்டு. நாசி கண்டாருக்காகவே வருகிறேன் என்பவர்கள் நாள்காட்டியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

புகைமூட்டம் எப்போது வரும்?

ஜூலை முதல் அக்டோபர் வரை வாய்ப்பு உண்டு, ஆகஸ்டும் செப்டம்பரும்தான் முக்கியம். சுமாத்திராவிலும் கலிமந்தானிலும் கரிச்சதுப்பு நிலங்கள் எரிய, தென்மேற்குக் காற்று புகையை இங்கே தள்ளிவிடும். எல்லா ஆண்டும் வராது. 1997, 2015, 2019 மோசமான ஆண்டுகள். பசிபிக் கடல் சூடேறும் எல் நினோ வலுத்த ஆண்டில் காடு காய்ந்து கிடக்கும், அப்போது சந்தேகத்தோடே இருங்கள்.

காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் ஆரோக்கியத்துக்குக் கேடு, 200ஐத் தாண்டினால் மிக மோசம். சுற்றுச்சூழல் துறை மணிக்கு மணி வெளியிடுகிறது. மழையாவது நின்றுவிடும், புகை சில நேரம் வாரக்கணக்கில் உட்கார்ந்துவிடும். ஆஸ்துமா உள்ளவர்களோ குழந்தைகளோ கூட வந்தால், செப்டம்பரை விட நனைகிற நவம்பரே மேல் என்று சொல்வேன்.

டுரியானுக்கு எந்த மாதம்?

ஜூன், ஜூலை. மே மாதத்திலேயே விழத் தொடங்கும், ஆகஸ்டுக்குள் ஓயும். ஆண்டு இறுதியில் சின்னதாக ஒரு பருவம் வருவதுண்டு, அதை நம்பி டிக்கெட் எடுக்கவேண்டாம். பாலிக் பூலாவ் மலைச்சரிவுத் தோட்டங்களில் காலையில் விழுந்த பழத்தை அங்கேயே உட்கார்ந்து சாப்பிடலாம். முசாங் கிங் ரகம் எங்கேயும் கிடைக்கும், இங்கே வந்தால் ஆங் ஹே ரகத்தைக் கேளுங்கள். பெருநிலத்துப் பக்கத்துப் பெருமை பிளாக் தோர்ன். விடாமல் மழை பெய்த வாரத்தில் பழம் சவசவ என்றிருக்கும், நான்கைந்து நாள் வெயில் அடித்த பிறகு போவது புத்திசாலித்தனம். எந்த ஹோட்டலிலும் டுரியானை அறைக்குள் விடமாட்டார்கள். ஒளித்துக்கொண்டு போகலாம் என்று நினைக்காதீர்கள், வாசனை காட்டிக் கொடுத்துவிடும்.

பத்து பெரிங்கியில் கடலில் குளிக்கலாமா?

குளிக்கலாம், ஆனால் தெளிந்த நீலக் கடலை மனத்தில் வைத்துக்கொண்டு வராதீர்கள். எந்த மாதத்திலும் பினாங்குக் கடல் கொஞ்சம் கலங்கல்தான். நீருக்குள் பவளப்பாறை பார்க்க ஆசை என்றால் மே முதல் செப்டம்பருக்குள் கிழக்குக் கரைக்குப் போங்கள். இங்கே சொறிமீன் (ஜெல்லி மீன்) நடமாட்டமும் உண்டு, எச்சரிக்கைப் பலகை இருந்தால் இறங்காதீர்கள்.

கடற்கரையை விட எனக்குப் பிடித்தது தெலோக் பாஹாங் முனையிலுள்ள தேசியப் பூங்கா. காட்டுப் பாதையில் நடந்து பந்தாய் கெராச்சுட் போகலாம். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை பச்சை ஆமைகள் முட்டையிட வரும் கரை அது. பக்கத்திலேயே மேலே நன்னீரும் கீழே உப்புநீரும் கலக்காமல் நிற்கும் ஏரி இருக்கிறது. வறண்ட மாதத்தில் வந்தால் ஏரி சேறாகக் கிடக்கலாம், மழை மாதத்தில் வந்தால் பாதை வழுக்கும், திரும்பி வரப் படகு ஓடாமலும் போகலாம். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

கொடிமலையில் மேகம் இல்லாமல் ஊரைப் பார்க்க?

காலை. எந்த மாதமானாலும் இழுவை ரயிலின் முதல் வண்டிகளில் ஒன்றில் ஏறுங்கள், ஆறரை மணிக்குத் தொடங்குகிறது. கீழே இருப்பதை விட ஏறத்தாழ 5 டிகிரி குறைவாக இருக்கும். பிற்பகலில் மேகம் மூடினால் பாலம் எங்கே என்று ஊகிக்கவேண்டியதுதான். மேலே திருமுருகன் கோயில் இருக்கிறது, தரிசனத்தையும் காலையிலேயே முடித்துவிடலாம். பராமரிப்புக்காக இழுவை ரயிலை அவ்வப்போது சில நாள் நிறுத்துவார்கள், கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் அக்கினி நட்சத்திரம். பிள்ளைகளின் மே விடுமுறையில்தான் வர முடியும். சரிப்படுமா?

சரிப்படும். இங்கே வெயில் 32 டிகிரியைச் சுற்றித்தான், 40 எல்லாம் கிடையாது. ஆனால் ஈரப்பதம் அதிகம், சட்டை காயவே காயாது. ஏப்ரலை விட மே கடைசி வாரங்கள் நல்லது. டுரியானும் தொடங்கியிருக்கும். வயதான பெற்றோரை அழைத்துவந்தால் ஒரு நாளுக்கு ஒரு இடம் என்று வையுங்கள். ஜனவரியிலும் வெயில் இதே அளவுதான் என்பதால் குளிர்காலம் என்று எண்ணி யாரும் கம்பளிச் சட்டை கொண்டுவரவேண்டாம். பேருந்திலும் பேரங்காடியிலும் குளிர்சாதனம் நடுங்க வைக்கும், அதற்கு ஒரு சால்வை போதும்.

கோலாலம்பூரிலிருந்து காரில் வருகிறோம். எந்த வாரம் தவிர்க்கவேண்டும்?

மழையை விட நீண்ட வார இறுதிகள்தான் உங்கள் எதிரி. வெள்ளி அல்லது திங்கள் பொது விடுமுறையாக வந்தால் ஏறத்தாழ 350 கிலோமீட்டர் பாதை நாலரை மணி நேரத்தில் முடியாது. ஜூரு டோலிலிருந்து பாலம் வரை வண்டி ஊரும். பட்டர்வொர்த் வரை ரயிலில் வந்து, ஃபெரி படகில் ஏறித் தீவுக்கு வருவது எவ்வளவோ நிம்மதி. ஆனால் பெருநாள் நேரத்து ரயில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். அறை விலையும் டிசம்பர் பள்ளி விடுமுறை, சீனப் பெருநாள் நாள்களில் உச்சத்துக்குப் போகும். பெருநாள்களுக்கு இடைப்பட்ட ஏதாவதொரு செவ்வாய், புதனில் வருபவருக்கு ஊரே சொந்தம்.

கைப்பேசியில் வாரம் முழுக்க இடிமழைப் படம் காட்டுகிறது. ரத்து செய்துவிடலாமா?

வேண்டாம். இங்கே ஆண்டில் பாதி நாள் அந்தப் படம்தான் வரும். நாளின் எந்த நேரத்தில், தீவின் எந்தப் பக்கம் என்பதை அது சொல்வதில்லை. பாயான் லெப்பாஸில் கொட்டும்போது பத்து பெரிங்கி காய்ந்திருக்கும். வானிலைத் துறையின் ரேடார் படத்தை அன்றன்று பாருங்கள், மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கண்ணாலேயே தெரியும். வானிலைத் துறை ஆரஞ்சு அல்லது சிவப்பு நிறத்தில் தொடர்மழை எச்சரிக்கை கொடுத்தால் மட்டும் ஒரு நாள் தள்ளிப்போடுங்கள்.